சிறிய வாடகை வீட்டில் எண்ணெய் வண்ண ஓவியம்: குழந்தையும் முதியவரும் இருக்கும்போது பாதுகாப்பாக வரைவது எப்படி?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் 420 சதுர அடி வாடகை வீட்டில் நானும் கணவரும், நான்கு வயது மகளும், மூச்சிரைப்பு உள்ள என் மாமியாரும் வசிக்கிறோம். கல்லூரிக் காலத்தோடு விட்டுப்போன எண்ணெய் வண்ண ஓவியத்தை ஓராண்டாக மீண்டும் வரைந்து வருகிறேன். மகள் தூங்கிய பிறகு, இரவு ஒன்பது மணிக்குக் கூடத்தின் மூலையில் ஈசலை (ஓவியத்தைத் தாங்கும் சட்டத்தை) விரித்து இரண்டு மணி நேரம் வேலை செய்வது வழக்கம். வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். துடைத்த துணிகள் குப்பைக் கூடைக்குப் போகின்றன. கூடத்துக்கு ஒரே சன்னல்தான். எதிர்ப்புறம் சமையலறையும், அதற்குப் பின்னால் துணி துவைக்க 3 அடிக்கு 6 அடி அளவில் ஒரு திறந்த இடமும் உள்ளன.

சென்ற வாரம் நான் வரைந்த இரண்டு இரவுகளிலும் மாமியார் விடாமல் இருமினார். அவர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஏ.சி. போட்டால் வாடை குறையுமா, என்95 முகக்கவசம் போதுமா, அல்லது இந்த வீட்டில் எண்ணெய் வண்ணத்தையே விட்டுவிட வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கித்தான்

வணக்கம் சகோதரி. ஓவியத்தை விட வேண்டியதில்லை. டர்பன்டைனை விட்டால் போதும். ஆனால் அதற்கு முன், இன்றிரவே அதைத் தண்ணீர் பாட்டிலிலிருந்து எடுத்து, பெயர் ஒட்டிய அதன் சொந்தப் புட்டிக்கு மாற்றிப் பூட்டி வையுங்கள். பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்கும் அதைக் குழந்தை ஒரு வாய் குடித்தாலும், மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைகளுக்கு நேர்வதைப் போல நுரையீரலுக்குள் இறங்கிக் கடும் அழற்சியை உண்டாக்கிவிடும். அப்படி ஒன்று நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும் என்பதால், நேராக மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

வீடுகளில் வழக்கமாக மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விப்பதால், சன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டால் ஆவி உள்ளேயே தங்கும். என்95 தூசியைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி உங்களைக் காப்பாற்றும் என்றாலும், அதே காற்றைத்தானே உங்கள் மாமியாரும் மகளும் சுவாசிக்கிறார்கள்? மேலும், ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே டர்பன்டைனின் ஆவி தீப்பற்றும் நிலையை அடைந்துவிடுகிறது. மதுரைக் கோடையில் அறையின் வெப்பமே அதைத் தொட்டுவிடும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு படர்ந்து செல்லக்கூடியது என்பதால், சாமி விளக்கும் சமையல் அடுப்பும் அருகில் இருக்கும் கூடத்தில் அதைத் திறப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

வண்ணத்தை இளக்க ஆளி விதை எண்ணெயில் சில சொட்டுகள் போதும். தூரிகையை முதலில் காகிதத்தில் நன்றாகத் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, மீண்டும் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதல் சில நாட்கள் பொறுமை தேவைப்படும். பிறகு கை பழகிவிடும். தண்ணீரில் கரையும் எண்ணெய் வண்ணங்களும் இப்போது கிடைக்கின்றன.

டர்பன்டைன் எனும் கரைப்பானை விலக்கிய பிறகும் துணியின் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் பிறக்கிறது. துணி விரிந்து கிடந்தால் அந்த வெப்பம் கலைந்துபோகும். கசக்கிக் குவித்தால் உள்ளேயே சேர்ந்து, நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்த தீ, இப்படி விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிகளிலிருந்தே தொடங்கியது. எனக்கும் ஒரு மாலை நேர்ந்தது: காலையில் போட்ட துணிகளைக் கொட்டுவதற்காகக் கூடைக்குள் கையை விட்டபோது, வெந்நீர்ச் செம்பைத் தொட்டதுபோல் நடுவில் சுட்டது. அன்றிலிருந்து, ஒவ்வொரு துணியையும் வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காய்ந்து விறைத்த பிறகே எறிகிறேன்; விரிக்க நேரமில்லாத நாளில் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி வைக்கிறேன்.

தஞ்சைப் பலகை

கித்தான் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் செய்பவள் என்பதால் தூசியைப் பற்றிச் சேர்க்க விரும்புகிறேன். பலகையை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது எழும் சுண்ணப்பொடி, கண்ணுக்குத் தெரிவதைவிட நெடுநேரம் காற்றில் நிற்கும். மின்விசிறியை நிறுத்தி, ஈரத்தில் தேய்த்து, முடிந்ததும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே என் வழக்கம். ஓவியத் துணிக்கு ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசித் தேய்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட் எனும் நச்சு உப்பு) சேர்ப்பதால், அதைக் குழந்தைகளுக்கு எட்டாத பூட்டிய பெட்டியில் வைத்திருக்கிறேன்; நீலக் கற்கண்டு போல அவ்வளவு அழகாக இருக்கும்.

உங்கள் வண்ணக் குழாய்களின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் படியுங்கள். பிடபிள்யூ 1 என்றால் ஈய வெள்ளை. குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது, பிடபிள்யூ 6 எனும் டைட்டானிய வெள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். பிஆர் 108 போன்றவை நச்சு உலோகமான காட்மியம் கொண்டவை என்பதால், குழந்தை வளரும்வரை அவற்றையும் தவிர்ப்பது நல்லது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். வரையும்போது அணியும் மேலாடையைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் மகளைத் தூக்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஈசலைத் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டு, இடையிலுள்ள கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஈரம் காயாத படங்களும் அங்கேயே, மழைச்சாரல் படாத பக்கத்தில் இருக்கட்டும்.

வைகைக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டிலை உடனே மாற்றிவிட்டேன். கூடையைப் பார்த்தபோது நான்கு துணிகள் உருண்டையாகக் கிடந்தன. அவற்றைக் கொடியில் விரித்திருக்கிறேன். மீதமுள்ள அரை லிட்டர் டர்பன்டைனையும், தூரிகை கழுவிய கலங்கிய நீர்மத்தையும் என்ன செய்வது?

கித்தான்

கழுவுதொட்டியிலோ சாக்கடையிலோ ஊற்ற வேண்டாம். புதியதைத் தனிக் கொட்டகையில் வரையும் நண்பருக்குக் கொடுத்துவிடலாம். கலங்கியதை மூடி ஒரு வாரம் அசையாமல் வைத்தால் வண்ணம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை வடித்து அவருக்கே தரலாம். அடியில் தங்கிய வண்டலை மூடியுள்ள தகரத்தில் அடைத்து, பெயர் எழுதி, குப்பை வாங்க வருபவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் பெயின்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவில்தான் சேர்த்திருந்தன; மற்றக் குப்பையோடு அதைக் கலந்தால், கையுறை இல்லாமல் பிரிக்கும் ஒருவரின் கையில்தான் போய்ச் சேரும்.