விவேரியம் = உயிர்ப்பேழை? (கலைச்சொல் விவாதம்)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பெரிய பாம்பை வீட்டில் வளர்ப்போருக்காக நான் எழுதிவரும் கையேட்டுக்கு, ‘விவேரியம்’ (பாம்பு போன்ற உயிர்களை வைத்து வளர்க்கும் அடைப்பு) என்பதற்கு ஈடாக ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். கூண்டு, பாம்புப்பெட்டி, வெப்பக்கூடு, பேழை என்று நான்கு பரிந்துரைகள் வந்தன. பெங்களூர் அல்சூரில் நண்பர் ஒருவர் வளர்க்கும் போவா என்ற ஏழடி நீள வெளிநாட்டுப் பாம்பின் இருப்பிடத்தை நேரில் பார்த்துவிட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

‘கூண்டு’ என்றதும் கம்பிகளும் இடைவெளிகளும்தான் கண்முன் வருகின்றன. கிளிக்கு அது போதும். பாம்புக்கு வலைமூடி போட்ட மீன்தொட்டிகூடச் சரிப்படாது; மேலெழும் சூடும் ஈரப்பதமும் வலை வழியே போய்விடுவதால், டிசம்பர் இரவில் 15 டிகிரி வரை இறங்கும் இந்த ஊரில் தொட்டிக்குள் வெப்பம் தங்குவதில்லை. கண்ணாடித் தொட்டியில் தொடங்கிய நண்பர், இப்போது பிவிசி பலகையால் ஐந்து புறமும் அடைத்து, முன்புறம் மட்டும் பூட்டுடன் கூடிய நகரும் கண்ணாடி வைத்திருக்கிறார்.

‘பெட்டி’யோடு எனக்கு வேறு ஒரு பிணக்கு. ‘பெட்டிப் பாம்பாய் அடங்கினான்’ என்று சொல்லிச் சொல்லி, பெட்டிக்குள் போன பாம்பு அடங்கிவிடும் என்றே நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். விளக்கை அணைத்ததும் அந்தப் போவா மூலை மூலையாக மூக்கால் முட்டிப் பார்க்கிறது. தளர்ந்த இடம் ஒன்று தென்பட்டால் அங்கேயே திரும்பத் திரும்ப வருகிறது. பூட்டில்லாமல் சும்மா மூடிய மூடியைத் தூக்கும் வலுவும் அதற்கு உண்டு.

‘வெப்பக்கூடு’ பரிந்துரைத்த ஐயா மன்னிக்க வேண்டும். அந்தச் சொல் முட்டை பொரிக்கும் கருவியைப்போல உள்ளே எங்கும் ஒரே சூடு என்று எண்ண வைக்கிறது. அப்படி நம்பி ஒருவர் இருப்பிடம் முழுவதையும் சூடாக்கினால், பாம்பு ஒதுங்குவதற்கு இடமில்லாமல் நலிந்துபோகும். பாம்பு தன் உடல் வெப்பத்தை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கிறது. போவாவுக்கு ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரியும், மறுமுனையில் 25 முதல் 27 டிகிரியும் இருந்தால், இரை விழுங்கியபின் சூடான பக்கம் போய்க் கிடக்கும்; அந்தச் சூடு கிடைக்காவிட்டால் செரிமானம் தடைப்பட்டு இரையைக் கக்கிவிடவும் கூடும். இந்த வேறுபாட்டுக்கு ‘வெப்பச்சரிவு’ என்றும், இரு முனைகளுக்கு ‘வெம்முனை’, ‘தண்முனை’ என்றும் பெயரிடலாம். 26 டிகிரி என்ன குளிரா என்று கேட்கலாம். குளிர் இல்லை என்பதால்தான் ‘தண்’ என்கிறேன், தண்மை இதமானது.

‘பேழை’ மூடியுள்ள, அடைப்பான கலத்தைக் குறிப்பதால் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அகழாய்வில் கிடைக்கும், இறந்தோரைப் புதைத்த ஈமப்பேழை நினைவுக்கு வருகிறது என்று அம்மையார் ஒருவர் சொன்ன மறுப்பு நியாயமானது. அந்த மறுப்பே வழியும் காட்டியது: விவேரியம் என்ற இலத்தீன் சொல்லின் வேரில் ‘உயிருள்ள’ என்ற பொருள் இருப்பதால், ‘உயிர்ப்பேழை’ என்றே சொல்லிவிடலாமே!

சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குக் குழுமத்தில் வந்த ‘வெப்பநிறுத்தி’ என்ற பரிந்துரையை ஏற்கிறேன். வண்டியை நிறுத்துகிறோம், கம்பத்தையும் நிறுத்துகிறோம். வெப்பத்தை வேண்டிய அளவில் தடுப்பதும் நிலைக்கச் செய்வதும் அந்தக் கருவியின் வேலைகளே. அது இல்லாமல் சூடேற்றியை இயக்கினால் பாம்பின் தோல் வெந்துபோகலாம். மேலே பொருத்திய சூடேற்றியைப் பாம்பு சுற்றிக்கொள்ளாதபடி கம்பிவலை அடைப்பும் வேண்டும். ‘கூண்டு’ என்ற சொல்லை விட மனமில்லாதவர்கள் அதை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, போவாவை ‘மலைப்பாம்பு’ என்று எழுத வேண்டாம். போவா குட்டி போடும், மலைப்பாம்பு முட்டையிடும் என்பது ஒருபுறமிருக்க, நம் நாட்டு மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். போவா வெளிநாட்டினம், அதற்கு 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பதிவு தேவை.

எஞ்சியிருப்பது, இரு முனைகளிலும் பாம்பு சுருண்டு ஒளிய வைக்கும் சிறு கூடு. ‘மறைவிடம்’ குற்றவாளியை நினைவூட்டுகிறது, ‘வளை’ எலிக்கும் நண்டுக்கும் உரியதாகிவிட்டது, ‘புற்று’ என்றால் பாலூற்றக் கிளம்பிவிடுவார்கள். வேறு சொல் தோன்றுகிறதா?