அழகர் திருவிழாவில் கேமரா நனைந்துவிட்டது, வெதர் சீல் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பு) இருந்தும் லென்ஸுக்குள் மூட்டம். என்ன செய்வது?

ஆழ்வார்புரத்தான்:
அண்ணன்மாரே, அவசரம். என்னுடையது பெண்டாக்ஸ் கே-50, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த விலையில் தண்ணீருக்குத் தாங்குகிற எஸ்எல்ஆர் வேறு சிக்கவில்லை என்பதால்தான் இதைத் தேடிப்பிடித்தேன். இன்று காலை அழகர் ஆற்றில் இறங்கும்போது துருத்தியோடு தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவிலேயே நின்று எடுத்தேன், ஒருவர் பீய்ச்சியது நேரே கேமரா மூக்கில் அடித்தது. துடைத்துவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் லென்ஸுக்குள் பால் ஊற்றியது போல வெள்ளை மூட்டம். ஆன் ஆகிறது, படமும் விழுகிறது, ஆனால் எல்லாம் மங்கல். அம்மா அரிசிப் பானைக்குள் போடச் சொல்கிறார்கள். போடவா?

தெற்காவணி:
வேண்டாம் தம்பி. அரிசி மாவுத்தூசி மவுண்டுக்குள் (லென்ஸ் மாட்டும் வாய்) போனால் அது வேறு தலைவலி. முதல் வேலையாக ஆஃப் பண்ணி பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிடு, இனி சோதித்துப் பார்க்கிறேன் என்று ஆன் பண்ணவே கூடாது. என்ன லென்ஸ் போட்டிருந்தாய்?

ஆழ்வார்புரத்தான்:
பேட்டரி, கார்டு இரண்டையும் எடுத்துவிட்டேன் அண்ணே. 50 எம்எம், எஃப் 1.8. கூட்டத்தில் முகம் எடுக்க அதுதான் பிடிக்கும்.

தெற்காவணி:
அங்கேதான் வழி விட்டிருக்கிறாய். அந்த கேமரா பாடியில் 81 இடங்களில் சீல் இருக்கிறது, ஆனால் 50 எம்எம்மில் ஒன்றுகூட இல்லை. கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸ் 18-55-ன் பேரில் டபிள்யூஆர் (வெதர் ரெசிஸ்டன்ட், அதாவது ஈரம் தாங்குவது) என்று இருந்தால் அதன் பின்பக்கம் மவுண்டைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று தெரியும், விரலால் தொட்டாலே தட்டுப்படும். பாடியும் லென்ஸும் சேரும் இடத்தை அடைப்பது அந்த வளையம்தான். அது இல்லாத லென்ஸை மாட்டினால் 81 சீலும் இருந்து என்ன பயன்?

இப்போது லென்ஸைத் தனியாகக் கழற்று, பாடிக்கு மூடி போடு. இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து இரண்டு மூன்று நாள் தொடாதே. நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், புதிதாக மாற்று. ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில் இரண்டும் கூடாது, சித்திரை வெயிலில் உள்ளே இருக்கிற கிரீஸ் இளகிவிடும்.

சிலைமான்காரன்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சரியான லென்ஸே போட்டிருந்தாலும் இது மழைக்கும் தூறலுக்கும்தான். துருத்தித் தண்ணீர் அழுத்தத்தோடு வருகிறது, அதற்கு எந்த சீலையும் நம்பாதீர்கள். பேட்டரி மூடி, கார்டு மூடி ஓரத்து ரப்பரில் ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். நான் எதிர்சேவைக்கு, அதாவது மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் நிகழ்ச்சிக்குப் போகும்போது டபிள்யூஆர் லென்ஸுக்கு மேலே பாலிதீன் பையும் கட்டிக்கொள்வேன்.

ஆழ்வார்புரத்தான் (மூன்று நாள் கழித்து):
லென்ஸ் மூட்டம் முழுக்கப் போய்விட்டது அண்ணே! பாடியும் நன்றாக வேலை செய்கிறது. கண்ணாடி ஓரத்தில் மட்டும் ஒரு நீர்க்கறை தெரிகிறது.

தெற்காவணி:
அந்தக் கறை வெளிப்பக்கம் என்றால் லென்ஸ் துணியால் போய்விடும். உள்பக்கம் என்றால் நீயே பிரிக்காதே தம்பி, சர்வீஸில் கொடு. ஈரம் பட்ட லென்ஸில் பூஞ்சை மெதுவாகத்தான் வரும், அதனால் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்.