ஒரு துவக்குச் சூடும் இல்லாத சண்டை

வட்டுக்கோட்டை வீட்டார் (குழு)

குகன்: நேற்று இரவு 'த ஹீரோஸ் ஒஃப் டெலிமார்க்' பாத்தனான். 1965 இல வந்த பிரிட்டிஷ் படம். கேர்க் டக்ளஸ், ரிச்சர்ட் ஹரிஸ். ராசன் மாமா, உது ரெண்டாம் உலகச் சண்டையில உங்கட நோர்வேயில நடந்த கதை தானே?

ராசன் மாமா: ஓமடா. ரியூக்கான் எண்ட ஊர். பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில மாசக்கணக்கா வெயில் விழாது. இப்ப மலையில பெரிய கண்ணாடி பூட்டி, சந்தைச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பி விடீனம்.

பெரியம்மா: வெயிலுக்குக் கண்ணாடியோ. இஞ்ச வந்து கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகச் சொல்லு

வாணி அக்கா: 😂😂

வாணி அக்கா: நானும் அந்தப் படம் பாத்திருக்கிறன். பனி, சறுக்கல், ஜெர்மன்காரன் வரிசையா விழுவான்.

பெரியம்மா: பெரியப்பாவுக்கு உந்த மாதிரிப் படம் எண்டால் உயிர். ரீகல் தியேட்டரில 'கன்ஸ் ஒஃப் நவரோன்' பாத்திட்டு வந்து ஒரு கிழமையா அதே கதை. சோறு போட விடமாட்டார்

குகன்: பெரியம்மா, நவரோன் எண்டு ஒரு தீவே இல்லை. அது கதைக்காகப் போட்ட பேர். டெலிமார்க் அப்பிடி இல்லை, உண்மையா நடந்தது.

பெரியம்மா: பெரியப்பா அதைச் சொல்லேல்லை

ராசன் மாமா: உண்மையில நடந்ததுக்கும் படத்துக்கும் எவ்வளவு தூரம் தெரியுமோ குகன்? படத்தில எத்தினை துவக்குச் சூடு? ரியூக்கானுக்குப் பக்கத்தில ஜெர்மன்காரர் பிடிச்சு வச்சிருந்த வேமோர்க் ஆலைக்குள்ள நோர்வேப் பொடியள் போன அண்டைக்கு ஒருத்தரும் ஒரு சூடும் சுடேல்லை.

குகன்: சும்மா சொல்லாதேங்கோ மாமா

ஆரணி மச்சாள்: அப்பா சொல்லுறது சரி மச்சான். பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போனவை, இப்ப அது மியூசியம். கட்டடத்தை 1977 இல இடிச்சுப் போட்டினம், ஆனா அந்த நிலக்கீழ் அறையைத் தோண்டி எடுத்துக் காட்டீனம்.

ஆரணி மச்சாள்: [படம்]

வாணி அக்கா: உந்தத் தொங்குபாலத்தில நீ போனனியோ? பாக்கவே கால் கூசுது

ஆரணி மச்சாள்: போனனான். ஆனா அவை பாலத்தால போகேல்லை. பாலத்தில காவல் நிண்டது. அதால கிடங்குக்குள்ள இறங்கி, உறைஞ்ச ஆத்தைக் கடந்து, மற்றப் பக்கம் ஏறி, ரயில் பாதையால போனவை. அந்தப் பக்கத்தால ஆள் வரமாட்டினம் எண்டு ஜெர்மன்காரர் நினைச்சிருந்தவை.

பெரியம்மா: அங்க என்னத்துக்குப் போனவை? ஆலையில என்ன இருந்தது?

ஆரணி மச்சாள்: கனநீர், மாமி. தண்ணியில இருக்கிற ஹைட்ரஜனுக்குப் பதிலா அதின்ர பாரமான வகை இருக்கும். அணு உலைக்குத் தேவை. அந்த நேரம் ஐரோப்பாவில அதை அளவா எடுத்தது அந்த ஆலை மட்டும் தான். ஹிட்லர் அணுகுண்டு செய்திடுவான் எண்டு பிரிட்டிஷ்காரருக்குப் பயம்.

ராசன் மாமா: முதல்ல 1942 ஒக்ரோபரில நாலு நோர்வேப் பொடியளைப் பரசூட்டில இறக்கினவை. அடுத்த மாசம் பிரிட்டிஷ் ஆமி ரெண்டு கிளைடரில (எஞ்சின் இல்லாத பிளேன்) வந்தது. ரெண்டும் விழுந்து நொருங்கினது. உயிர் தப்பினவையையும் ஜெர்மன்காரர் பிடிச்சுக் கொலை செய்து போட்டினம். அந்த நாலு பேரும் மலையில தனிச்சுப் போச்சினம். பாசி அவிச்சுச் சாப்பிட்டவை. நத்தார் நேரம் ஒரு கலைமான் கிடைச்சது, இரைப்பைக்குள்ள கிடந்ததையும் விடேல்லை.

பெரியம்மா: ஐயோ பாவம் பிள்ளையள்

ராசன் மாமா: அதில ஹவுக்லாண்ட் எண்டவர் தான் பிறகு 1947 இல கொன்-டிக்கி தெப்பத்தில பசிபிக்கைக் கடந்தவர். அவருக்கு அலுக்கவே இல்லைப் போல.

குகன்: 😮

ராசன் மாமா: 1943 பெப்ரவரியில இன்னும் ஆறு பேர் வந்தவை. தலைவர் ரோன்னபெர்க், வயசு 23. கேற்றுச் சங்கிலி வெட்டுற கத்தரிக்கோல் தெரியுமோ, அதை அவர் இங்கிலாந்தில ஒரு சாமான் கடையில தன்ரபாட்டில வாங்கி வச்சிருந்தவர். அது தான் அண்டைக்கு உதவினது. படத்தில உது வராது.

வாணி அக்கா: கேர்க் டக்ளஸ் கத்தரிக்கோல் பிடிச்சால் ஆர் மாமா ரிக்கற் எடுப்பினம்?

ராசன் மாமா: கேளும் பிள்ளை. வயர் போற குழாய்ப் பாதையால ஊர்ந்து உள்ள போயிட்டினம். உள்ள ஒரு நோர்வேக்காரக் காவல்காரர். குண்டை வச்சாச்சு, திரி கொளுத்தப் போயினம். அந்தாள் சொல்லுதாம், "என்ர மூக்குக்கண்ணாடியைக் காணேல்லை, சண்டைக் காலத்தில வேற வாங்கேலாது" எண்டு. குண்டு வைக்க வந்தவர் திரியை விட்டிட்டுக் கண்ணாடி தேடிக் குடுத்தவர். பாத்தால் அது வெறுங்கூடு! திரும்பவும் தேடினவை.

பெரியம்மா: நல்ல வளர்ப்பு

குகன்: இது ஏன் மாமா படத்தில இல்லை 😭

ராசன் மாமா: வெடிச்ச சத்தமும் பெரிசா இல்லை. ஒரு ஜெர்மன்காரன் ரோச் அடிச்சுப் பாத்திட்டுத் திரும்பிப் போயிட்டானாம். அதுக்குள்ள 18 தொட்டியும் உடைஞ்சு கனநீர் எல்லாம் ஓடீட்டுது. போகேக்க ஒரு பிரிட்டிஷ் துவக்கை விட்டிட்டுப் போனவை, ஊர்ச்சனத்தில பழி விழக்கூடாது எண்டு. பிறகு அஞ்சு பேர் சுவீடனுக்குச் சறுக்கியே போனவை, 400 கிலோமீற்றருக்குக் கிட்ட. ரோன்னபெர்க் 2018 இல தான் செத்தவர், 98 வயசு.

வாணி அக்கா: சரி மாமா, ஆனா படம் எண்டால் கொஞ்சம் சண்டை வேணும் தானே. ரெண்டு மணித்தியாலம் பனியைப் பாத்துக்கொண்டு இருக்கேலுமோ?

ராசன் மாமா: துவக்குச் சூட்டுக்கு எனக்குக் கோபமில்லை வாணி. சுடட்டும். எனக்குப் படகுக் கட்டம் தான் பிடிக்கேல்லை.

குகன்: கடைசியில வாறதோ? கேர்க் டக்ளஸ் படகில ஏறிப் பிள்ளையளைக் காப்பாத்துவார். எனக்கு அது தான் நல்லாப் பிடிச்சது.

ராசன் மாமா: அது நடக்கேல்லை மோனை. ஆலை சில மாசத்தில திரும்ப ஓடத் தொடங்கினது. அமெரிக்கன் பிளேன் வந்து குண்டு போட்டு ஊர்ச்சனமும் செத்தது. கடைசியா ஜெர்மன்காரர் மிச்சக் கனநீரை ரயில் பெட்டியோட படகில ஏத்தி அனுப்பினவை. 1944 பெப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. பிறகு வந்த ஆறு பேரில ஒருத்தரான ஹவுக்கலித்தும் கூட்டாளியளும் முதல்நாள் இரவு படகுக்குள்ள குண்டு வச்சு, அலாம் மணிக்கூட்டை நேரத்துக்கு வச்சவை. தின் ஏரியில ஆழமான இடத்தில தாண்டது. 18 பேர் செத்தவை, 14 பேர் ஊர்ச்சனம்.

பெரியம்மா: அதில போன சனத்துக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?

ராசன் மாமா: சொன்னால் ஜெர்மன்காரனுக்கும் போய்ச் சேரும் அக்கா. சனம் குறைவான நாளாப் பாத்துத்தான் ஞாயிறு எடுத்தவை. உயிர்ச்சேதம் வரும், செய்யத்தான் வேணுமோ எண்டு லண்டனுக்கு வயர்லெஸ்ஸில கேட்டவை. செய்யச் சொல்லிப் பதில் வந்தது.

பெரியம்மா: கேட்டவை தானே. அது வரைக்கும் சரி

பெரியம்மா: செத்ததுகளும் அவையின்ர சனம் தானே

குகன்: படத்தில அவரும் அதே படகில ஏறினதால எனக்குப் பெருசாத் தெரியேல்லை. உண்மையில அவை கரையில நிண்டிருக்கினம்...

ராசன் மாமா: ஹவுக்கலித் அதுக்கு முன்னமே சுவீடனுக்கு வெளிக்கிட்டார். கரையில இருந்த கமக்காரர் தான் வள்ளம் போட்டுச் சனத்தை ஏத்தினவை.

வாணி அக்கா: அதை அப்பிடியே எடுத்திருந்தால் ஆர் பாத்திருப்பினம் எண்டு கேக்க வந்தனான். ஆனா எடுத்திருக்கலாம் தான்.

ராசன் மாமா: எடுக்கேலும். 1955 இல 'த கொக்கிள்ஷெல் ஹீரோஸ்' எடுத்தவை தானே. பத்துப் பிரிட்டிஷ்காரர் அஞ்சு தோணியில பிரான்சில இருக்கிற போர்தோ துறைமுகத்துக் கப்பலுக்குக் குண்டு ஒட்டப் போனவை, 1942 டிசம்பர். ஹாஸ்லரும் ஸ்பாக்ஸும் மட்டும் திரும்பினவை. பிடிபட்டவையைச் சுட்டதை அந்தப் படம் மறைக்கேல்லை. முதல் பாதி ஒரே ஆமிப் பகிடி தான், அதைப் பொறுக்கோணும்.

ஆரணி மச்சாள்: மச்சான், 1948 இல ஒரு நோர்வே-பிரெஞ்சுப் படம் இருக்கு, இதே கதை. உண்மையாப் போன ஆக்களே தங்களை நடிச்சிருக்கினம். நடிப்பு சுமார். ஆனா பனியில எப்பிடிச் சறுக்கீனம் எண்டு பார், நடிகரால ஏலாது.

குகன்: சப்டைட்டில் இருக்கோ?

ஆரணி மச்சாள்: இருக்கு. சனி இரவு எல்லாரும் சேர்ந்து பாப்பமோ? வீடியோ கோலில நான் போட்டு விடுறன்.

பெரியம்மா: சனி புரட்டாதிச் சனி. எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகோணும். ஞாயிறு வையுங்கோ

வாணி அக்கா: அம்மா, உங்களுக்கு ஞாயிறு இரவு எண்டால் எனக்குக் காலமை. நான் தேத்தண்ணியோட வாறன்.

குகன்: ஞாயிறு 8 மணி, யாழ்ப்பாண நேரம். ராசன் மாமா, நீங்கள் இடையில நிப்பாட்டி நிப்பாட்டி விளக்கம் சொல்லக்கூடாது.

ராசன் மாமா: 🙄