புதுப்பிப்பு: வேவ்லெட் கெழுக்களை நகர்த்தினால் படம் ஏன் சிதைகிறது?

படத்தை வேவ்லெட்டாகப் பிரித்து (அதாவது தோராயமான சிறு படமாகவும் பல அளவு நுணுக்கங்களாகவும்), கெழுக்களை, அதாவது பிரிப்பில் கிடைக்கும் எண்களை, ஒரு இடம் தள்ளி, திரும்பச் சேர்த்தால் விளிம்பெல்லாம் பிசிறடிக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

நிரலில் பிழை இல்லை. பிரிப்பின் ஒவ்வொரு நிலையிலும் மாதிரிகளில் (வரிசையில் உள்ள மதிப்புகளில்) பாதியை நீக்கிவிடுகிறோம், அதுதான் விஷயம். மிக எளிய வகையான ஹார் வேவ்லெட்டில் கையாலேயே போட்டுப் பார்த்தேன். 0, 0, 8, 8 என்ற வரிசையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் வித்தியாசம் எல்லாமே சுழி. அதையே ஒரு பிக்சல் தள்ளி 0, 0, 0, 8 ஆக்கினால் இரண்டாவது ஜோடியில் திடீரென்று 8 வித்தியாசம் முளைக்கிறது. அதே விளிம்புதான், கெழு மட்டும் வேறு! இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

ஒவ்வொரு நிலையிலும் பாதியாவதால், மூன்று நிலைப் பிரிப்பில் நகர்வு 8 பிக்சலின் மடங்காக இருந்தால் சிக்கலே இல்லை. 8 பிக்சலுக்கு முதல் நிலைக் கெழுக்களை 4, இரண்டாவதை 2, மூன்றாவதை 1 இடம் தள்ள வேண்டும். நான் எல்லாவற்றையும் 1 தள்ளியிருந்தேன். சரியாகத் தள்ளியதும், ஓரங்களைச் சுற்றி மடக்கும் முறையில் (ஒரு ஓரத்தில் வெளியேறுவது எதிர் ஓரத்தில் நுழையும்) படம் துல்லியமாக வந்தது.

ஒற்றைப் பிக்சல் நகர்வுக்கு, மாதிரிகளை நீக்காத வேவ்லெட் உருமாற்றத்துக்கு மாறிவிட்டேன். மூன்று நிலைக்குத் தரவு 10 மடங்காகிறது, நினைவகம் திணறுகிறது. அடுத்து முயலப்போவது, ஆய்வாளர் நிக் கிங்ஸ்பரி உருவாக்கிய இரட்டை மர வேவ்லெட். நகர்வை ஏறக்குறையத்தான் தாங்கும், ஆனால் தரவு 4 மடங்கோடு முடியும்.