நீராவி எஞ்சின் இழுக்கும் ரயிலின் பின்னால் டீசல் எஞ்சின் எதற்கு?

கேள்வி – ஜன்னலோரம்:
வணக்கம். பிரிட்டனில் பழைய நீராவி எஞ்சின்கள் இழுக்கும் சிறப்பு ரயில்களின் காணொளிகளை விரும்பிப் பார்ப்பவன் நான். அவற்றில் பலவற்றில் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு டீசல் எஞ்சினும் சேர்ந்து வருகிறது. 1938-லேயே மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் மணிக்கு 202 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும்போது, இன்றைய முதன்மைப் பாதையில் இவற்றால் தனியாக ஓட முடியாதா? வலு போதவில்லையா, அல்லது வேறு காரணம் இருக்கிறதா?

பதில் – லூப் லைன்:
வலுவில் குறையே இல்லை. முதல் சிக்கல் தண்ணீர். பெரிய விரைவு எஞ்சின் ஒன்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 100 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும் என்பதால், டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டி) இருபதாயிரம் லிட்டருக்கு மேல் நிரப்பினாலும் 150 கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் அடுத்த தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கும். முன்பு நிலையங்களில் தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. தண்டவாளங்களுக்கு நடுவே நீண்ட தொட்டிகள் அமைத்து ஓட்டத்திலேயே தண்ணீர் அள்ளும் ஏற்பாடும் இருந்தது. அவை போய்விட்டதால், இன்று லூப் லைனில் (மற்ற ரயில்கள் கடந்து போவதற்கான பக்கப் பாதை) ரயிலை ஒதுக்கி, லாரியில் வரும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, விரைவு ரயில்கள் கடந்து போன பிறகே மீண்டும் கிளம்ப முடியும். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற நீராவி எஞ்சினுக்கு 1966-இல் இரண்டாவது டெண்டர் சேர்த்ததும் இதற்காகத்தான்.

டீசல் எஞ்சின் முக்கியமாக ஒரு காப்பு. நெரிசலான பாதையில் நீராவி எஞ்சின் பழுதாகி நின்றால், அதற்குப் பின்னால் வரும் ரயில்களெல்லாம் காத்துக் கிடக்கும். 2008-இல் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட டொர்னாடோ என்ற நீராவி எஞ்சின்கூட, 2018 ஏப்ரலில் பயணிகளுடன் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் ஓட முயன்ற அன்று, வால்வு இயக்க அமைப்பு பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டது. கோடை வறட்சியில் ஏற்றங்களில் டீசல் பின்னிருந்து தள்ளினால் புகைபோக்கியிலிருந்து தீப்பொறி பறப்பதும் குறையும்.

பதில் – சிவப்பு விளக்கு:
தண்ணீரை விட எனக்குப் பெரிதாகப் படுவது பாதுகாப்பு அமைப்புதான். 2015 மார்ச் 7 அன்று இங்கிலாந்தின் வூட்டன் பாசெட் சந்திப்பில் ஒரு நீராவி ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிச் சென்று, சந்திப்பின் குறுக்கே நின்றது. அதற்குச் சற்று முன் எச்சரிக்கை ஒலிக்கு ஓட்டுநர் உரிய நேரத்தில் பதில் தராததால் பிரேக் தானாக விழுந்திருக்கிறது. ரயிலை நிறுத்தாமலேயே பிரேக்கை விடுவிப்பதற்காகத் எச்சரிக்கை அமைப்பைத் துண்டிக்கும் வால்வைத் திறந்ததில், சிவப்பில் ரயிலைத் தானாக நிறுத்த வேண்டிய அமைப்பும் செயலிழந்துவிட்டது. எதிரே ரயில் ஏதும் வராததால் யாருக்கும் காயமில்லை.

இதைக் காட்டி நீராவியைத் தடை செய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால், மற்ற ரயில்களுக்கு உள்ள விதி ஒன்றுகூட இவற்றுக்குத் தளர்த்தப்படக் கூடாது. பாதையோரச் சிக்னல்கள் மறைந்து, ஓட்டுநர் முன்னுள்ள திரையிலேயே அனுமதி தோன்றும் ஐரோப்பிய முறை பரவி வருகிறது. வெப்பமும் கரித்தூளும் அதிர்வும் நிறைந்த ஓட்டுநர் அறையில் கணினியைப் பொருத்தி, அதற்குத் தடையில்லா மின்சாரம் தருவது எளிய வேலை அல்ல.

பதில் – கரித்துண்டு:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25,000 வோல்ட் மின்கம்பிக்கு அடியில் டெண்டர் மீது ஏறவே கூடாது என்பதால், பின்னால் தங்கிவிட்ட கரியை ஃபயர்மேன் (தீயறைக்குக் கரி போடுபவர்) மேலே ஏறி முன்னே தள்ளிவிட முடியாது.

நான் ஒரு பணிமனையில் தன்னார்வலராக எஞ்சின் துடைத்த நாட்களில், குளிர்ந்த கொதிகலனுக்கு முந்தைய நாளே சிறு தீ மூட்டி, மெல்ல மெல்லத்தான் சூடேற்றுவார்கள். அவசரப்பட்டால் செம்புத் தீயறையும் எஃகு உறையும் வெவ்வேறு அளவில் விரிந்து, இடையிலுள்ள பிணைப்பாணிகள் முறியும். ரயில் நிற்கும் இடங்களிலெல்லாம் மூத்த ஓட்டுநர் இறங்கி, சக்கர அச்சைத் தாங்கும் அச்சுப் பெட்டி ஒவ்வொன்றும் சூடேறியிருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஒரு முறை மூன்றாவது அச்சுப் பெட்டியில் வைத்த கையை உடனே இழுத்துக்கொண்டார். அன்று அங்கிருந்து ரயிலை டீசல்தான் கொண்டுபோனது.