ஐஎஸ்ஓ 27001 ஆடிட்: எங்கே மாட்டுகிறது?

ஆடிட்டர்:
ஐஎஸ்ஓ 27001 என்பது தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை. அதன் 2013 பதிப்பில் 114 கட்டுப்பாடுகள் இருந்தன, 2022-ல் 93. அத்தனையையும் செய்தே தீரவேண்டும் என்று பயப்பட வேண்டாம். எது பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்பதை ரிஸ்க் மதிப்பீட்டோடு ஒத்துப்போகும்படி எழுதவேண்டும். மாட்டுவது அங்கேதான். வேறு யாரோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். ஒரு வரி நிரல்கூட எழுதாத கம்பெனியின் பட்டியலில் ‘பாதுகாப்பான கோடிங்: நடைமுறையில் உள்ளது’ என்றிருக்கும். ஆதாரம் கேட்டால் முழிப்பார்கள்.

அடுத்தது, வேலையை விட்டுப் போனவர்கள். எச்.ஆர். தரும் ஆறு மாதப் பட்டியலை இந்தப் பக்கமும் இயங்கும் கணக்குகளை அந்தப் பக்கமும் வைத்து ஒப்பிடுங்கள். மெயில் மூடியிருக்கும். விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழையும் வழி), கிளவுட் கன்சோல், கிட் (நிரல்களைச் சேமிக்கும் இடம்) மூன்றும் தனித்தனி லாகின் என்பதால் திறந்தே கிடக்கும். பலர் சேர்ந்து புழங்கிய அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற யாருக்கும் தோன்றியிருக்காது.

சர்வர் அட்மின்:
பேக்கப்பை விட்டுவிட்டீர்களே. தினமும் ‘சக்சஸ்’ மெயில் வருவது, கோப்பு எழுதப்பட்டது என்பதற்குத்தான் சாட்சி, திரும்ப எடுக்கலாம் என்பதற்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது காலி மெஷினில் ரீஸ்டோர் செய்து, டேட்டாபேஸ் எழுந்ததா, கடைசிப் பதிவின் தேதி என்ன, எத்தனை நிமிடம் பிடித்தது என்று குறித்து வையுங்கள். ஆடிட்டில் காட்டவும் அந்தத் தாளே போதும். பேக்கப் சர்வரை மற்ற மெஷின்கள் இருக்கும் அதே டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள லாகின் குழு) சேர்க்காதீர்கள். ரான்சம்வேரோடு (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) நுழைந்தவன் டொமைன் அட்மின் ஆகிவிட்டால் முதலில் துடைப்பது அதைத்தான். என்க்ரிப்ஷன் சாவியும் வேறு இடத்தில் இருக்கட்டும்.

லாக் பார்ப்பவர்:
கார்டு விவரம் கையாள்கிறவர்களுக்கு பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டு பாதுகாப்புத் தரநிலை கேட்பது 12 மாத லாக் (யார், எப்போது, என்ன செய்தார் என்று சிஸ்டம் எழுதும் பதிவு), அதில் கடைசி 3 மாதம் உடனே எடுக்கும்படி. பலரும் சேமிக்கிறார்கள், கடிகாரத்தைத்தான் கவனிப்பதில்லை. ஃபயர்வால் யுடிசியில் (உலகப் பொது நேரம்), அப்ளிகேஷன் உள்ளூர் நேரத்தில், நடுவே ஒரு சர்வர் நான்கு நிமிடம் பிந்தி ஓடினால், திருடன் உள்ளே வருவதற்கு முன்பே கோப்பு வெளியே போனதாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே என்டிபி (நெட்வொர்க் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) மூலத்தோடு கட்டி, லாக்கை யுடிசியிலேயே எழுதவிடுங்கள்.

ஆடிட்டர்:
சரிதான், 2022 பதிப்பின் 8.17-ம் கட்டுப்பாடு கேட்பதும் அதையே. விர்ச்சுவல் மெஷின் என்றால், அது ஓடும் நிஜ மெஷினான ஹோஸ்டின் நேரத்தையும் என்டிபியையும் ஒரே சமயத்தில் பின்பற்றவிடாதீர்கள். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.