மேல்தாடை முழுவதற்கும் இம்ப்ளாண்ட்: நான்கா, ஆறா?

கேள்வி:
என் தாயாருக்கு வயது 64; சர்க்கரை நோய் உண்டு. மேல்தாடையில் மிஞ்சியிருக்கும் பற்கள் யாவும் ஆடுகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நான்கு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகும் செயற்கைப் பல்வேர்) வைத்து அன்றே பல் பொருத்தலாம் என்கிறார் ஒரு மருத்துவர். சைனஸுக்கு (மேல்தாடைக்கு மேலே உள்ள காற்றறை) கீழே எலும்பு சேர்த்து, சில மாதங்கள் பொறுத்து, ஆறு வைக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வது சரி?

பதில் 1 (தாடை அறுவை மருத்துவர்):
இருவர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும். எண்ணிக்கை கடைசியில் முடிவாக வேண்டியது. கடைவாய்ப் பகுதியில் எலும்பு இல்லாமல் முன்பற்கள், முன்கடைவாய்ப் பற்கள் இருந்த இடத்தில் மட்டும் இருந்தால், பின்னிரு இம்ப்ளாண்டுகளை 30 முதல் 45 பாகை வரை சாய்த்துச் சைனஸின் முன்சுவரை ஒட்டி இறக்கலாம். லிஸ்பனில் பல் மருத்துவர் பாலோ மாலோவின் குழுவினர் கீழ்த்தாடைக்கு 2003இலும் மேல்தாடைக்கு 2005இலும் வெளியிட்ட முறை இதுதான். "அன்றே பல்" என்பதை மட்டும் யாரும் முன்கூட்டி உறுதி கூற முடியாது. இம்ப்ளாண்டைத் திருகும்போது ஏறத்தாழ 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கம் கிடைத்தால்தான் உடனே பல் பொருத்திப் பாரம் ஏற்றத் துணிவோம். மேல்தாடையின் பின்பகுதி எலும்போ பஞ்சு போன்றது. இறுக்கம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அந்த மருத்துவரிடம் கேளுங்கள். தெளிவான விடை இல்லையென்றால் நான் அங்கே போக மாட்டேன்.

பதில் 2 (செயற்கைப்பல் நிபுணர்):
எலும்பை அளப்பதற்கு முன் சிரிப்பைப் பார்க்க வேண்டும். அம்மா வாய்விட்டுச் சிரிக்கும்போது ஈறு தெரியுமானால், செயற்கை ஈறும் இயற்கை ஈறும் சேரும் கோடும் வெளியே தெரியும். அதை உதட்டுக்குள் மறைக்கவும், பல்வரிசைக்கு வேண்டிய 12 முதல் 15 மில்லிமீட்டர் உயரத்தைப் பெறவும் எலும்பைச் சீவ நேரிடலாம். அப்படிச் சீவிய பிறகு, சி.பி.சி.டி. ஸ்கேனில் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) போதுமானதாகத் தெரிந்த எலும்பு போதாமல் போகலாம். ஆகவே, சீவிய பின் மிஞ்சும் உயரத்தை வைத்துத்தான் திட்டமிட்டார்களா என்று இருவரிடமும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை ஊசி போடுகிறார். இரு மருத்துவர்களும் அது பற்றிக் கேட்கவில்லை.

பதில் 1:
அப்படியானால் வேறு எதையும் முடிவு செய்வதற்கு முன் அதைச் சொல்லுங்கள். அது டெனோசுமாப் ஆக இருந்தால், பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை அரிதாக வருவதுண்டு. அதற்காக ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தவணை தள்ளிப்போனால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு. எந்தத் தவணைக்குப் பின் அறுவையை வைப்பது என்பதை ஊசி எழுதிக்கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) அறிக்கையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.